மஞ்சள் நிற உலோகம்

"விரலை மேல தூக்கு. இன்னும். கூட்டத்துல யாரையோ காட்டிக் குடுக்கிற மாதிரி நல்லா நீட்டித் தூக்கு. ஆங்!"

சோப்பு நுரை வழியும் தடித்த விரல். மோதிரத்துக்கு அடியில் தையல் நூலின் ஒரு முனையை நுழைத்துவிட்டு, மீதி நூலை விரல் மூட்டு வரை நெருக்கி நெருக்கிச் சுற்றியாகிவிட்டது. இனி அடிமுனையைப் பிடித்து மெல்லப் பிரிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் மோதிரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் குடலிறக்கக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்பதற்குக் கலங்காத மனிதர், மோதிரத்துக்குக் கலங்குகிறார்.

"கல்யாணத்துல போட்டதும்மா. அப்புறம் கழட்டினதே இல்ல."

"இப்ப மட்டும் என்ன, டைவர்ஸா பண்றோம்? எல்லாம் முடிஞ்சதும் அவங்க கையாலயே மறுபடி போட்டுவிடச் சொல்லு. செலவில்லாம இன்னொரு கல்யாணம்."

மோதிரம் மூட்டைத் தாண்டி உள்ளங்கையில் விழுகிறது. அதைத் துடைத்து, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வது வழக்கம். "மஞ்சள் நிற உலோக மோதிரம், ஒண்ணு."

அதுவரை ஓரமாக நின்றிருந்த மனைவி இந்த இடத்தில்தான் துள்ளுவார். எந்த மனைவியும் துள்ளுவார். "என்னது, உலோகமா? தங்கம்ங்க அது!"

"இருக்கட்டும்மா. நான் இல்லேங்கல."

"உள்பக்கம் பாருங்க, நைன் ஒன் சிக்ஸ் போட்டிருக்கு."

"போட்டவன் வந்து இங்க கையெழுத்துப் போடட்டும், நானும் தங்கம்னு எழுதிடறேன். அவன் வரலேல்ல? நீங்க போடுங்க."

எங்கள் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவர்களைத் தயார் செய்யும் அறையில், காலையிலிருந்து இந்த நாடகம்தான். பொழுதுக்கும் "கழட்டும்மா, கழட்டுப்பா" என்று சொல்லிச் சொல்லி, அங்கே நகை கழற்றி வாங்கும் உதவியாளருக்குக் கழட்டக்கா என்றே பெயராகிவிட்டது. டாக்டர்கள் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் அக்கா திரும்பிப் பார்ப்பதில்லை. வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்.

நான் எதிர் அறையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எனக்கும் நகை ஆகாது. படத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எலும்பை மறைக்கும். ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே எதிரி. என்னை அவர் "எக்ஸ்ரே" என்றுதான் அழைப்பார். "எக்ஸ்ரே, டீ குடிச்சியா?" "எக்ஸ்ரே, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவர் ஆள் குள்ளம். கட்டிலின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். கையில் எப்போதும் சோப்பு வாசனை. கழுத்திலும் காதிலும் கையிலும் ஒரு குண்டுமணி அளவுகூட எதுவும் கிடையாது. "ஊர் நகையெல்லாம் என் பையில இருக்கு, எனக்கெதுக்குடி தனியா?" என்பார். நகைகளோடு பேசுகிற பழக்கம் ஒன்று உண்டு. திருகாணி திரும்ப மறுத்தால், "வாடி ராசாத்தி, அடம் பிடிக்காதே, உங்க அம்மா பக்கத்துலதானே இருக்கா" என்று அதைக் கெஞ்சுவார். மெட்டியோடு மட்டும் ஒத்துப்போகாது. மெட்டியை "சனியன்" என்பார்.

மஞ்சள் நிற உலோகம் என்று எழுதுவது அவர் கண்டுபிடித்ததல்ல. நிர்வாகம் போட்ட விதி. தங்கம் என்று எழுதிக் கொடுத்து, அது தங்கமில்லை என்றால் யார் பதில் சொல்வது? அதனால் தங்கம் மஞ்சள் நிற உலோகம், வெள்ளி வெள்ளை நிற உலோகம், வைரம் வெறும் வெள்ளைக் கல். அக்கா இந்த விதியை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்கு வம்பு? கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுது, மஞ்சள்னு எழுதறேன். உள்ள என்ன இருக்குன்னு உங்க நகைக்கடைக்காரனையும் உங்க மனசாட்சியையும் கேளுங்க."

இந்த விதி வெளியாட்களுக்கு மட்டும்தான். தியேட்டருக்குள் போகும் நர்ஸுகளும் நகையைக் கழற்ற வேண்டும். அவர்களுக்குக் கவரும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அக்காவின் ஏப்ரனுக்கு உட்புறம் ஒரு பை தைத்திருக்கிறது. அதில் வரிசையாக ஊக்குகள். ஒவ்வொரு ஊக்கிலும் ஒருத்தியின் சங்கிலியோ தோடோ தொங்கும். குட்டி என்று நாங்கள் அழைக்கும் இளைய நர்ஸ் காலையில் ஓட்டமாக வந்து, நிற்காமலே, முகத்தைக்கூடப் பார்க்காமல், கழுத்துச் சங்கிலியை அக்காவின் கையில் போட்டுவிட்டுத் தியேட்டருக்குள் மறைவாள். அக்காவின் கை தானாக நீண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஒருமுறை, "கவர்ல போட்டு எழுத மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அக்காவுக்கு வந்ததே கோபம்! "நமக்குள்ள என்னடி கையெழுத்து, கண்றாவி!"

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஒரு கொக்கி வந்து மாட்டியது.

பித்தப்பையில் கல் என்று ஓர் அம்மா வந்தார். நல்ல கனத்த உடம்பு, சிரித்த முகம். மயக்கத்துக்கு முன்னால் கொடுக்கும் ஊசியைப் போட்டாகிவிட்டது. கண் சொக்கத் தொடங்கியிருந்தது. கழுத்திலிருந்த முறுக்குச் சங்கிலியை அக்கா கழற்றும்போது அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "கொக்கி பத்திரம்மா... கொக்கி பத்திரம்" என்றார். கொக்கி தளர்ந்திருக்கிறது போலிருக்கிறது, கழன்று விழுந்துவிடப் போகிறது என்று பயப்படுகிறார் என அக்கா நினைத்தார். "பத்திரமா இருக்கும், நீங்க தூங்குங்க" என்றார். சங்கிலி கவருக்குள் போயிற்று. மஞ்சள் நிற உலோகச் சங்கிலி, ஒண்ணு. மருமகள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த மருமகள் கெட்டிக்காரி. கவரைக் கைப்பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று, சங்கிலியை எடுத்துத் தன் கழுத்திலேயே போட்டு, துணிக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறாள். விடிந்து பார்த்தால் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்து, ஒரே அரிப்பு. தங்கம் அரிக்குமா? நேரே நகைக்கடை. கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "கொக்கி நைன் ஒன் சிக்ஸ் தங்கம். சங்கிலி சுத்தக் கவரிங். யாரோ இதுல கொக்கியை மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க" என்றாராம்.

மதியத்துக்குள் மகன் வந்துவிட்டார். மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எங்க அப்பா எங்கம்மாவுக்குப் போட்ட சங்கிலிங்க! தங்கத்தை உருவிட்டு, கொக்கியை மட்டும் கவரிங்ல மாட்டிக் குடுத்திருக்கீங்க. அந்த நம்பரைப் பாத்து ஏமாந்துடுவோம்னு! இப்பல்ல தெரியுது, எதுக்கு மஞ்சள் உலோகம்னு எழுதி வாங்கறீங்கன்னு. தங்கத்தை வாங்கிட்டு மஞ்சள் உலோகத்தைத் திருப்பிக் குடுக்கத்தானே?"

அக்காவுக்குப் பாதுகாப்பாக இருந்த அந்த இரண்டு சொற்கள் இப்படி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துகொள்ளும் என்று யார் நினைத்தது? கூடியிருந்தவர்கள் முகத்தில், "அட, ஆமால்ல?" என்று எழுதியிருந்தது. எனக்கே ஒரு கணம் அது சரியோ என்று பட்டது. அவ்வளவு பொருத்தமாகச் சொல்லிவிட்டார் மனிதர்.

மேட்ரன் நல்லவர்தான். ஆனாலும் என்ன செய்வார்? "விசாரணை முடியறவரைக்கும் துணி அறையில இருங்க. போலீஸுக்குப் போகாம பாத்துக்கலாம்" என்றார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா உட்கார்ந்துவிட்டார். திருடி என்ற பெயரோடு வெளியே போனால் வேறு எந்த ஆஸ்பத்திரி வாசலும் அவரைச் சேர்க்காது. அதைவிட, அவர் வேலையே மற்றவர்கள் பொருளைத் தொடுவதுதான். அந்தக் கையை நம்பவில்லை என்றால் அப்புறம் அந்தக் கை எதற்கு?

மறுநாள் காலையில் துணி மூட்டையோடு நடைவழியில் வந்துகொண்டிருந்தார். எதிரே குட்டி ஓட்டமாக வந்தாள். பழக்க தோஷம், அக்காவின் கை நீண்டது. குட்டி அந்தக் கையைப் பார்த்தாள், தன் கழுத்தைத் தொட்டாள், "லாக்கர்ல வெச்சிட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். சங்கிலி கழுத்தில்தான் இருந்தது. நான் என் அறை வாசலில் நின்று இதைப் பார்த்தேன். மகன் கத்தியபோதுகூடக் கலங்காத அக்காவின் முகம் அப்போது கோணிற்று. எனக்கு அழுகை வந்தது. குட்டியை இழுத்து ஓர் அறை விட்டிருக்கலாம். விடவில்லை.

அன்றைக்குத்தான் அக்கா கண் பிரிவுக்குப் போய், அங்கே சும்மா கிடந்த பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். இத்தனை காலம் மஞ்சள் என்று மட்டும் பார்த்த கண்ணால் இனி உள்ளே எழுதியிருப்பதைப் படித்துவிடுவது என்று தீர்மானம். நகையில் இருக்கிற எண்ணும் எழுத்தும் புரிந்துவிட்டால் தன்மேல் தப்பில்லை என்று காட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. எப்படிக் காட்டலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கேன்டீன் காசாளர், "நைன் ஒன் சிக்ஸ்னா ஒன்பதாம் மாசம், பதினாறாம் வருஷம். செஞ்ச தேதி" என்றார். அப்படியென்றால் ஊரில் எல்லா நகையையும் ஒரே மாதத்தில் செய்தார்களா என்று அக்கா கேட்டதற்கு, "அந்த மாசம் விலை இறங்கியிருக்கும்" என்றார். வாசல் காவலாளி அது கடையின் கதவிலக்கம் என்று சத்தியம் செய்தார். எதிர்த் தெருவில் கவரிங் கடை வைத்திருக்கும் அம்மாள்தான் கொஞ்சம் நிதானமாக விளக்கியிருக்கிறார்: ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதுதான் அந்த எண். 916 என்றால் இருபத்திரண்டு கேரட். 750 என்றால் பதினெட்டு. ஜி.பி. என்று இருந்தால் மேலே மட்டும் தங்க முலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தார்.

"எக்ஸ்ரே, பதினாறு பெருசா, இருபத்தஞ்சு பெருசா?"

"இருபத்தஞ்சு."

"அப்ப நைன் ஒன் சிக்ஸை விட நைன் டூ ஃபைவ் ஒசத்திதானே? லேப்காரி தோட்டுல நைன் டூ ஃபைவ் போட்டிருக்கு. ஒசத்தித் தங்கம்டின்னு வாழ்த்திட்டு வந்தேன். அவ கவரிங் கடைக்காரம்மாகிட்ட காட்டியிருக்கா, அந்தம்மா அது வெள்ளியாம், மேல மஞ்சள் பூசியிருக்காம்னு சொல்லுது. ஏண்டி, வெள்ளிக்கு எதுக்குடி தங்கத்தைவிடப் பெரிய நம்பர்?"

"அது ஆயிரத்துல அவ்வளவு பங்கு வெள்ளிங்க்கா. எண் தங்கத்துக்கு மட்டும் இல்ல."

"அப்ப எது தங்க நம்பர், எது வெள்ளி நம்பர்னு யாரு சொல்லுவா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

"இன்னொண்ணு கேளு. பில்லிங் பொண்ணு வளையல்ல பதினெட்டு கேரட்னு இருக்கு. பக்கத்துலயே ஜி.பி.ன்னும் இருக்கு. முன்னால பெருமையாச் சத்தம் போட்டுச் சொல்றான், பின்னால காதோட காதா இல்லேங்கறான். இவனை நம்பி எப்படிடி பொண்ணு குடுக்கறது?"

படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. சில நகையில் எண்ணே இல்லை. ஆனால் அது தங்கம் என்றார்கள். சிலவற்றில் எண் இருந்தது, தங்கம் இல்லை என்றார்கள். சிலவற்றில் இருந்த எழுத்து கடைக்காரரின் பெயர்ச் சுருக்கமாம். அக்கா அதைத் தரம் என்று நினைத்து ஒருத்தியை அழவைத்துவிட்டார். கண்ணாடியோடு அவர் நடைவழியில் வந்தாலே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். கவரிங் போட்டவர்கள் வெட்கத்தில் கட்டிக்கொண்டார்கள். தங்கம் போட்டவர்கள் எதற்குக் கட்டிக்கொண்டார்கள் என்று அக்காவுக்குப் புரிந்தது.

அந்தச் சங்கிலியின் கொக்கியை மேட்ரன் அறையில் வைத்து ஒருமுறை கண்ணாடியில் பார்க்க விட்டார்கள். பார்த்துவிட்டு வந்தவர் என் அறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கொக்கி தங்கங்குது. சங்கிலி இல்லேங்குது. ரெண்டும் ஒரே கழுத்துல இருந்ததுதானே எக்ஸ்ரே? நான்தானே கழட்டினேன்?"

"ஆமாங்க்கா."

"உன் மிஷின்ல வெச்சுப் பாரேன். எலும்பு வரைக்கும் தெரியுதே, தங்கம் தெரியாதா?"

"அதுல தங்கமும் பித்தளையும் ஒரே வெள்ளையாத்தான் விழும்."

"என்ன மிஷினோ! எதுக்குத்தான் கரண்டு பில் கட்டறாங்களோ!" என்றவர் பூதக்கண்ணாடியை ஏப்ரன் முனையால் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒருவேளை நான் எடுத்திருப்பேனோ?"

"அக்கா!"

"இல்லடி, வேணும்னு இல்ல. அன்னிக்கு நெறைய பேரு. கவரு மாறியிருக்கலாம். இன்னொருத்தியோட சங்கிலியை இதுல போட்டிருக்கலாம். கொக்கி பத்திரம் கொக்கி பத்திரம்னு அந்தம்மா சொன்னாங்க. நான் கொக்கியைத்தானே பாத்தேன்? சங்கிலியைப் பாத்தேனா? யோசிச்சுப் பாத்தா ஞாபகமே இல்ல. எல்லாம் மஞ்சளாத்தான் தெரியுது."

ஊர் சந்தேகப்படலாம், அதற்கு ஊரைத் திட்டலாம். தன் கையையே ஒருத்தி சந்தேகப்பட்டால் யாரைத் திட்டுவது? சும்மா இருங்கள் என்று அதட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

இவ்வளவு கூத்திலும் ஒருவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கிலிக்குச் சொந்தக்காரரான அந்த அம்மாவிடம். "அம்மா காதுல போட்டுடாதீங்க, பிரஷர் ஏறிடும்" என்று மகன் சொல்லிவைத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வேறு விட்டு விட்டு வந்ததால் டாக்டரும் ஆமாம் போட்டார். யார் கழுத்தில் கிடந்ததோ அவரைத் தவிர உலகம் முழுவதும் அந்தச் சங்கிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

நெஞ்சில் சளி இருக்கிறதா என்று பார்க்க அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் என்னிடம் அழைத்து வந்தார்கள். நான் வழக்கம்போல, யோசிக்காமல், "கழுத்துல ஏதாவது இருந்தா கழட்டிடுங்கம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. அன்னிக்கே அந்தக் குள்ளமா இருக்கற அம்மா வாங்கி வெச்சுட்டாங்களே. தங்கமான மனுசி. கொக்கி பத்திரம்னு சொன்னேன், பத்திரமா இருக்கும் தூங்குங்கன்னாங்க."

என் வாய் சும்மா இருக்குமா? "கொக்கி எதுக்கும்மா பத்திரம்? சங்கிலி பத்திரம்னுல்ல சொல்லணும்?"

"சங்கிலி கெடக்குது கழுதை, அது கவரிங். கொக்கிதான் தங்கம்."

நான் கையிலிருந்த எக்ஸ்ரே தட்டைக் கீழே வைத்தேன். "என்னம்மா சொல்றீங்க?"

"வெளிய தெருவ போறப்ப தங்கத்தைப் போட்டுட்டுப் போக முடியுமா? அதே மாதிரி கவரிங்ல ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். ஆனா எங்க நாத்தனா இருக்காளே, அவ லேசுப்பட்டவ இல்ல. ஆசையாக் கட்டிப் பிடிக்கிற மாதிரி கட்டிப் பிடிச்சு, பின்னால கையைக் குடுத்து, கொக்கியைத் திருப்பி நம்பர் பாப்பா! அதனால தங்கத்தோட கொக்கியைக் கழட்டி இதுல போட்டுட்டேன். இதோட ஜி.பி. கொக்கியை அதுல மாட்டி வீட்டுல வெச்சிருக்கேன். பாக்கட்டுமே, நல்லாப் பாக்கட்டும்!" அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் இழுத்தது. "பையன்கிட்ட சொல்லிடாதே. கௌரவக் குறைச்சல்னு கத்துவான். ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப யாராவது தங்கம் போட்டுட்டு வருவாங்களா? யாராவது எடுத்துட்டா?"

மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தேனா, எடுக்கவில்லையா என்று எனக்கு நினைவில்லை. மேட்ரன் அறைக்கு ஓடினது மட்டும் நினைவிருக்கிறது.

மகனை வரவழைத்தார்கள். அம்மாவும் மகனும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்தபோது மகனின் முகம் வெளிறியிருந்தது. அம்மா மாட்டிக்கொண்டதற்காக அல்ல; ஜி.பி. கொக்கி போட்ட சங்கிலி ஒன்றை வீட்டில் பீரோவுக்கு அடியில் கண்டெடுத்து, கொக்கியைப் பார்த்து, கவரிங்தானே என்று மகளிடம் விளையாடக் கொடுத்தவரே அவர்தான்! மனைவிக்குப் போன் போட்டார். பொம்மையின் கழுத்தில் மூன்று சுற்றாகச் சுற்றிக் கிடந்ததாம் அவர் அப்பா போட்ட தங்கம். பொம்மையையும் மொட்டை மாடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறது குழந்தை. நல்லவேளை, காக்கைக்கு ஜி.பி. படிக்கத் தெரியவில்லை, தங்கமும் தெரியவில்லை.

மாடியே சிரித்தது. நாத்தனார் கட்டிப் பிடிக்கிற காட்சியை லேப்காரியும் பில்லிங் பெண்ணும் நடித்தே காட்டினார்கள். டாக்டர் ஒருவர் ஆபரேஷனுக்கு நடுவில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். மகன் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டி, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த நிலைமையில யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க" என்றார். அக்கா பெட்டியை வாங்கினார், பிரித்தார், எல்லோருக்கும் கொடுத்தார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. மேட்ரன், "நாளையிலேருந்து பழைய இடத்துக்கே வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது அக்காவே சங்கிலியை மாட்டிவிட்டார். பின்கழுத்தில் கொக்கியைப் போட்டுவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து ஒருமுறை பார்த்தார். "நைன் ஒன் சிக்ஸ்," என்று அறிவித்தார். "கட்டிப் பிடிக்கலாம்." அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா பழையபடி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலையில் ஒரு காதுவலிக்காரியின் தோட்டை அக்கா கெஞ்சிக் கூத்தாடிக் கழற்றிக்கொண்டிருந்தார். வாடி ராசாத்தி, அடம் பிடிக்காதே. திருகாணி வந்துவிட்டது. மஞ்சள் நிற உலோகத் தோடு, ரெண்டு. துள்ளல், சமாதானம், கையெழுத்து எல்லாம் முடிந்தது. அப்போதுதான் குட்டி ஓட்டமாக வந்தாள். நிற்காமலே, முகத்தைப் பார்க்காமல், இடையில் ஒன்றுமே நடக்காதது போல, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அக்காவின் கையில் போட்டுவிட்டுத் தியேட்டர் கதவைத் தள்ளினாள்.

"குட்டி, நில்லு."

குட்டி நின்றாள். அக்காவின் கை இன்னும் மூடவில்லை. சங்கிலி உள்ளங்கையில் அப்படியே கிடந்தது. மறுகையால் கண்ணாடியை எடுத்து, கொக்கியைத் திருப்பிப் பார்த்தார்.

"கொக்கியில நைன் ஒன் சிக்ஸ் இருக்கு. சங்கிலியில ஒண்ணும் எழுதல."

கவரை எடுத்தார். சங்கிலியைப் போட்டு ஸ்டேப்ளர் அடித்தார். உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி, ஒண்ணு." எழுதியதைக் குட்டியின் பக்கம் திருப்பி, பேனாவை மூடி நீட்டினார்.

குட்டி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னக்கா இது? நமக்குள்ள என்ன கையெழுத்து?"

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடியும் நீட்டினார்.